தெற்கு வழி வந்த கம்போளம்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் காந்தி பூங்காவை ஒட்டித் தொடங்கி, கிள்ளிப்பாலம் வரை கிழக்காக நீண்டு கிடக்கிறது சாலைக் கம்போளம் என்னும் கடைத்தெரு. இரண்டு மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்து ஒதுங்கிப் போகும் அளவுக்கே அகலம் விட்டுப் போட்ட தெரு. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே அகலத்தில்தான் இருக்கிறது. அரிசி, பலசரக்கு, மலைச்சரக்கு, காய்கறி, பூ, பாத்திரம், தங்கம், கயிறு, பாய், பூஜைச் சாமான், நாட்டு மருந்து என்று வீட்டுக்கு வேண்டிய எதற்கும் தலைநகரத்தார் முதலில் நினைப்பது இந்தத் தெருவைத்தான். நகரத்துக்காரர்கள் மட்டுமல்ல. கிழக்கே மலையடிவாரத்திலிருக்கும் அம்பூரி, வெள்ளறடை, எல்லையோரப் பாறசாலை, களியிக்காவிளை, நடுவே நெய்யாற்றின்கரை என்று தெற்குச் சாலை நெடுகிலும் உள்ள ஊர்களுக்குக் கல்யாணச் சாமான் எடுக்கும் இடமும் இதுதான். சாமான் எடுத்த கையோடு சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவதும் வழக்கம்.

இந்தத் தெருவின் வரலாற்றைப் பலரும் தலைநகர வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதியிருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த சாலையின் வரலாறாக அதைப் படிப்பதே பொருத்தம். சரக்கு, வியாபாரி, சமையல்காரர், சுமையாள் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியாகவே வந்து சேர்ந்தார்கள். தெருவை உண்டாக்கிய திவானும் தெற்கத்தியவர்தான்.

அந்தத் திவான் ராஜா கேசவதாஸ். 1745இல் இன்றைய குமரி மாவட்டத்தில் அடங்கிய குன்னத்தூரில் பிறந்தவர். சிறுவயதில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதும் வேலையில் இருந்தார் என்றும், அங்கிருந்துதான் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார் என்றும் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவிடம், அதாவது தர்மராஜாவிடம், படிப்படியாக உயர்ந்து 1789இல் திவானானார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்ததும் அவரே. கடை வேலை பார்த்த அனுபவம் ஆட்சியிலும் தெரிந்தது என்று சொல்லலாம். துறைமுகம், சந்தை, பாலம் மூன்றையும் தனித்தனியாகப் பாராமல் ஒரே ஏற்பாடாகக் கண்ட நிர்வாகி அவர்.

பத்மநாபபுரத்திலிருந்த தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கோவிலும் கோட்டையும் அதைச் சுற்றிய அக்கிரகாரங்களுமாக இருந்த ஊருக்குப் படை, கச்சேரி, அதிகாரிகள், அவர்களின் குடும்பங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இத்தனை பேருக்கும் அரிசி வேண்டும். சுற்று வட்டாரத்தில் தென்னையும் கிழங்கும் விளைந்தனவே தவிர, ஒரு தலைநகரத்துக்குப் போதிய நெல் விளையவில்லை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் தெற்கே நாஞ்சில் நாட்டில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் இருந்தது. நாஞ்சில் நெல்லை வண்டி கட்டிக் கொண்டுவர, நகரத்தை நெருங்கும் இடத்தில் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். ஒன்று கரமனையாறு, மற்றொன்று கிள்ளியாறு. கேசவதாஸ் இரண்டுக்கும் பாலம் போட்டு, கிள்ளியாற்றிலிருந்து கோட்டை வாசல் வரை வழியின் இரு பக்கமும் கடைகள் கட்டச் செய்தார். கம்போளம் பிறந்தது இப்படித்தான். கரமனையில் பின்னர் 1853இல் ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வலுவான பாலம் ஒன்றைக் கட்டி முடித்தார்.

கம்போளத்தின் கிழக்கு முனைக்கு அருகில் வலியசாலை மகாதேவர் கோவில் இருக்கிறது. சோழக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் காந்தளூர்ச்சாலை இந்த இடம்தான் என்பது ஆய்வாளர்களில் ஒரு சாராரின் கருத்து. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஒரு சாலையை நிறுவியபோது, காந்தளூர் முறைப்படியே அதை நடத்த வேண்டும் என்று செப்பேட்டில் எழுதிவைத்தான். அங்கே மாணவர்களுக்குச் சோறிட்டுக் கல்வி தந்தார்கள். வலியசாலைதான் காந்தளூர் என்று கொண்டால், வெளியூர்க்காரர்களுக்குச் சோறிடும் வழக்கம் இந்தப் பகுதியில் கடைத்தெருவைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. ஆனால் அந்த அடையாளம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

தெரு உருவானதும் கடை போட வந்தவர்களில் கணிசமானோர் தமிழர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வெள்ளாளர், செட்டியார், நாடார், ராவுத்தர், பொன்வேலை செய்யும் விஸ்வகர்மர் எனப் பல சமூகத்தார் வந்து குடியேறினார்கள். குஜராத்திச் சேட்டுகளும் கொங்கணிகளும் பின்னால் வந்தார்கள். ஆரியசாலை, சபாபதி கோவில் தெரு, கொத்துவால் தெரு என்று கிளைத் தெருக்கள் பிரிந்தன. கிழக்கே கோட்டைப் பக்கம் சில்லறை வியாபாரம், உள்ளே போகப் போக மொத்த வியாபாரம் என்ற ஏற்பாடு தானாகவே அமைந்தது. கல்லாவில் இருப்பவர் வீட்டில் பேசுவது தமிழ், வாடிக்கையாளரிடம் பேசுவது மலையாளம், சுமையாளைக் கூப்பிடுவது இரண்டும் கலந்த ஒரு பேச்சு. இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இன்றும் நடக்கிறது. கரமனை, கோட்டைக்குள் தெருக்கள் ஆகிய இடங்களில் குடியேறிய தமிழ்ப் பிராமணர்கள் கடைத்தெருவில் முதல் போடவில்லை. நகரத்தின் சாப்பாட்டில் அவர்கள் கை வைத்தது வேறு வகையில்; அது பின்னால் வரும்.

தெற்கு வழிக்கும் கம்போளத்துக்கும் உள்ள உறவு ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் கண்ணெதிரே தெரியும். பத்மநாபபுரத்து சரஸ்வதி தேவி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னூற்றிநங்கை ஆகிய மூன்று விக்கிரகங்கள் அரச உடைவாள் முன்னே செல்லப் புறப்பட்டு, குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரையில் ஓர் இரவும் தங்கி, கரமனை வழியாகத் தலைநகரம் வந்து சேர்கின்றன. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போய்விட, குமாரசுவாமிக்கு இருப்பிடம் கடைத்தெருவை அடுத்த ஆரியசாலைக் கோவில். நங்கைக்குச் செந்திட்டை. மன்னர் சுவாதித் திருநாள் காலத்திலிருந்து நடந்துவரும் இந்த ஊர்வலத்தை, 1956இல் எல்லை பிரிந்த பிறகு களியிக்காவிளையில் தமிழகப் போலீஸார் கேரளப் போலீஸாரிடம் மரியாதையோடு ஒப்படைக்கிறார்கள்.

அந்த வழி எல்லாருக்கும் திறந்திருந்ததா என்பது வேறு கதை. 19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரின் சந்தை என்பது சாதி ஒழுங்கைப் பகிரங்கமாக நிலைநாட்டும் இடம். நாடார் பெண்கள் மேலாடை அணிந்து சந்தைக்கு வந்ததே பெருங்கலவரங்களுக்குக் காரணமானது. 1859 ஜூலையில் அரசர் அறிக்கை வெளியிட்டு அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டியதாயிற்று. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. புலையர்களுக்கோ பொது வழியில் நடக்கும் உரிமையே இல்லை. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை கட்டி, மணி ஒலிக்கப் பொது வழியில் ஓட்டிச் சென்றார். பிறகு தோழர்களோடு பாலராமபுரத்துச் சாலியர் தெரு வழியாக நடந்தபோது கைகலப்பும் ரத்தக் காயமும் ஆயின. அக்காலத்தில் அம்பூரி மலையிலிருந்து ஒரு காணிக்காரப் பழங்குடியினர் தேனோ மிளகோ கொண்டு இறங்கினால், அது இடைத்தரகர் கைக்குப் போன பிறகே சாலைக்கு வந்தது. பொருளுக்குத் தடை இல்லை, கொண்டு வந்தவருக்குத்தான் தடை. 1908இல் போலீஸ் அத்துமீறலை எதிர்த்துக் கடைத்தெருவில் கலகம் வெடித்து, காவல் நிலையமே தாக்கப்பட்டது. கம்போளம் அரசுக்குக் கட்டுப்பட்ட சந்தை மட்டுமல்ல, அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது என்பதை திவான் அலுவலகம் அப்போது தெரிந்துகொண்டது.

பாலராமபுரத்தைத் தாண்டாமல் தெற்கத்தியவர் யாரும் சாலைக்கு வர முடியாது. வந்தாலும் அங்கே இறங்காமல் போவதில்லை. பாலராம வர்மா (ஆட்சி 1798–1810) பெயரால் அமைந்த இந்த ஊருக்கு உம்மிணித் தம்பி திவானாக இருந்த காலத்தில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து அரச குடும்பத்துக்குத் துணி நெய்யக் குடியேற்றினார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்ற நான்கு தெருக்களும் இன்றும் அதே பெயரோடு இருக்கின்றன. வீட்டுக்குள் குழி தோண்டி அதில் காலை இறக்கி உட்கார்ந்து, நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் தறி அது. விடியற்காலையில் தெரு நெடுகப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தென்னை நார்த் தூரிகையால் நீவி வெயிலில் உலர்த்துவார்கள். வெயில் ஏறிவிட்டால் நூல் அறும் என்பதால், பால் வண்டி வரும் நேரத்துக்குள் அந்த வேலை முடிந்தாக வேண்டும். சாயம் போடாத வெள்ளைத் துணி, ஓரத்தில் கசவு. நெருக்கமாக அடித்த நெசவு என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும். எல்லையோர ஊர்களில் கல்யாணத்துக்கு முண்டும் நேரியதும் எடுக்க முதலில் பாலராமபுரம், மற்றதெல்லாம் எடுக்கச் சாலை என்று ஒரு வரிசை உண்டு. 2009இல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறித் துணியை அதே பெயரில் விற்பதை அது முழுக்கத் தடுத்துவிடவில்லை.

போக்குவரத்து மாற மாற கம்போளத்துக்கு வருபவர்களும் மாறினார்கள். ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டிய பார்வதி புத்தனாறு வள்ளக்கடவு வரை வடக்குச் சரக்கைப் படகில் கொண்டுவந்தது. கொல்லத்திலிருந்து வந்த ரயில் 1918இல் நகரத்தின் விளிம்பான சாக்கையோடு நின்று, 1931 நவம்பரில்தான் கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்திலுள்ள தம்பானூருக்கு வந்தது. தெற்கே மட்டும் ரயில் இல்லை. நாகர்கோவில் பாதை திறந்தது 1979இல். ஆக, அதுவரை தெற்குச் சரக்கு முழுவதும் வண்டியிலும் லாரியிலும் களியிக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகவே வந்தது. ஆட்களைக் கொண்டுவந்தது பஸ். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசே பஸ் ஓட்டத் தொடங்கி, நாகர்கோவில் தடத்தையும் நடத்தியபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் சாதாரணக் குடியானவருக்குக் காலையில் கிளம்பிச் சாமான் வாங்கி, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது முதன்முறையாகக் கைக்கு எட்டியது. அதற்குப் பதினைந்து மாதம் முன், 1936 நவம்பரில், கோவில் நுழைவுப் பிரகடனம் வந்திருந்தது. பிரகடனம் கோவிலுக்குத்தான். ஆனால் பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்களைச் சாப்பாட்டுக் கடையில் தனித்தனியாகப் பிரிப்பது நாளாக நாளாகக் கடினமாயிற்று.

இரண்டாம் உலகப்போர் இந்த ஏற்பாட்டை உலுக்கியது. 1942இல் பர்மா வீழ்ந்ததும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது. நாஞ்சில் நெல் அரசுக் கொள்முதலுக்குப் போனது. கிழங்கு ஏழை வீட்டின் சோறாயிற்று. 1880களில் விசாகம் திருநாள் அரசர் மரச்சீனிக் கிழங்கை ஊக்குவித்து வைத்ததற்கு அப்போதுதான் முழுப்பயன் கிடைத்தது. மீனச்சில் பகுதியிலிருந்து அம்பூரி மலைச்சரிவுகளில் வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் காட்டைத் திருத்தி முதலில் நட்டதும் கிழங்குதான். மிளகும் ரப்பரும் பிறகு.

போர் முடிந்ததும் எல்லைச் சிக்கல். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழர் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கோரியபோது நெய்யாற்றின்கரையின் தென்பகுதியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்துக்குப் போயின. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அம்பூரியும் கேரளத்தில் நின்றன. கம்போளத்துக்கு இதன் பொருள் நேரடியானது. அதன் நெற்களஞ்சியம் ஒரே நாளில் வேறு மாநிலமாகிவிட்டது. 1960களில் உணவுத் தட்டுப்பாட்டின்போது மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை வந்ததும், கேசவதாஸ் போட்ட வழியில் நெல் வண்டிக்குப் பதிலாக அரிசிக் கடத்தல் ஓடியது. பையில், கூடையில், இடுப்பில் கட்டி, செக்போஸ்ட்டைச் சுற்றிய இடைவழிகளில் கொண்டுபோனார்கள். தமிழக ரேஷன் அரிசி பிடிபட்டதாகக் களியிக்காவிளைச் செய்தி இன்றைக்கும் நாளிதழ்களில் வராமலில்லை. சட்டம் எப்படியிருந்தாலும் அரிசி வடக்கு நோக்கித்தான் போகிறது.

இனி சாப்பாடு. திருவனந்தபுரத்தில் சமைத்த சோற்றை விலைக்கு வாங்கும் வழக்கம் பழையதல்ல. மன்னராட்சியில் வழிநெடுக ஊட்டுப்புரைகள் இருந்தன. அவை பிராமணர்களுக்கு மட்டும், இலவசம். ஆறாண்டுக்கு ஒருமுறை கோவிலில் 56 நாள் நடக்கும் வேத ஓதலான முறைஜபத்துக்கு வடக்கிலிருந்து வரும் நம்பூதிரிகளுக்கு அரசே பந்தி பரப்பியது. சாலையின் அரிசி, பலசரக்கு மொத்த வியாபாரிகளுக்கு அது பெரிய கொள்முதல். மற்ற சாதியார் நகரத்துக்கு வந்தால் கட்டுச்சோறுதான். 20ஆம் நூற்றாண்டில் கச்சேரிக்கும் கல்லூரிக்கும் கூட்டம் பெருகியபோது, பிராமணர்களான போற்றிமார் நடத்திய ஓட்டல்களும் தமிழ்ப் பிராமணர்களின் காப்பிக் கடைகளும் வந்தன. அரசாங்கம் சோறிட்ட காலத்தில் சமையற்கட்டில் இருந்தவர்களே பணத்துக்குச் சோறு விற்கத் தொடங்கினார்கள் என்று சொன்னால் பெரிதும் தவறாகாது.

அவர்கள் விட்டுப்போன அடையாளங்களில் நிலைத்தது போளி. திருவனந்தபுரத்துக் கல்யாணச் சாப்பாட்டைக் கொல்லத்துக்கு வடக்கே உள்ள சத்தியா விருந்திலிருந்து முக்கியமாகப் பிரித்துக் காட்டுவது இதுதான். கடலைப்பருப்புப் பூரணம் வைத்து, மஞ்சள் சேர்த்த மாவில் கண்ணாடிபோல மெல்லியதாகத் தேய்த்துச் சுட்ட போளியை இலையில் மடித்து வைத்து, மேலே பால் பாயசத்தை ஊற்றுவார்கள். விரலால் பிசைந்து சாப்பிட வேண்டும். தமிழகத்தில் போளி தனிப் பலகாரம், பாயசம் தனி. இரண்டையும் ஒரே இலையில் கூட்டியது இந்த நகரத்தின் வேலை. கல்யாணம் இல்லாத நாளிலும் சாப்பிட ஆசைப்படுபவர்களுக்காகக் கோட்டையைச் சுற்றிய பகுதிகளில் போளி மட்டும் சுட்டு விற்கும் கடைகள் இருக்கின்றன. சைவச் சாப்பாட்டுக்குத் தம்பானூர் பக்கத்து ஆரிய நிவாஸ் போன்ற ஓட்டல்கள், தெற்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களின் பழைய பழக்கம்.

அசைவத்தின் கதை கம்போளத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 1949இல் முகம்மது அப்துல் காதர் என்பவர் தொடங்கிய ரஹ்மானியா, கேத்தல் சிக்கன் என்ற பெயரால்தான் ஊருக்குத் தெரியும். அரை கிலோவுக்கும் குறைந்த இளங்கோழியை மிளகாய் விழுது புரட்டித் தேங்காய் எண்ணெயில் முறுகப் பொரிப்பார்கள். எலும்பும் கடிபடும் அளவுக்குப் பொரிந்திருக்கும். எண்ணெயில் உதிர்ந்த மசாலாத் தூளை அரித்தெடுத்து மேலே தூவித் தருவார்கள். பழைய வாடிக்கையாளர்கள் கோழியைவிட அந்தத் தூளையே அதிகம் கேட்பார்கள். கூடவே சிறு சப்பாத்தி, குழம்பு, ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு. சுமை இறக்கி முடித்த தொழிலாளியும் நகைக்கடை முதலாளியும் ஒரே பெஞ்சில் இருந்து சாப்பிட்ட கடை அது. 1890களில் பாலராமபுரத்துத் தெருவில் நடக்கவே அடிதடி ஆனதை நினைத்தால், அறுபது ஆண்டுக்குள் அந்தப் பெஞ்சு வந்து சேர்ந்தது சாதாரண மாற்றமல்ல.

தம்பானூர் பஸ் நிலையத்தை அடுத்திருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்கு வேறு வகை வரலாறு. காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது வேலையிழந்தவர்களைச் சேர்த்து, ஏ. கே. கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. கேரளத்தில் அவற்றின் முதல் கடை 1958 மார்ச்சில் திருச்சூரில் திறந்தது. திருவனந்தபுரத்துக் கடையின் கட்டடம் லாரி பேக்கர் வடிவமைத்தது. மாடி என்று தனியாக எதுவும் இல்லாமல், நடுத்தூணைச் சுற்றிச் செங்கல் தளம் சுழன்று மேலேறும். அந்தச் சரிவின் ஓரத்திலேயே சிமென்ட் மேசையும் இருக்கையும் கட்டிவிட்டிருக்கிறார்கள். சுவரில் விட்ட ஓட்டைகள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் போதும். சிறிய மனைக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தீர்வு இருக்க முடியாது. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் அந்தச் சரிவில் தட்டோடு ஏறி இறங்குவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் படமெடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பஸ் வரும்வரை உட்கார ஓர் இடம், பீட்ரூட் கலந்த மசாலா தோசை, ஒரு காபி, அவ்வளவுதான்.

இருட்டிய பிறகு தட்டுக்கடைகள். தோசை, ரசவடை, பப்படம் மூன்றையும் சேர்த்து நொறுக்கிச் சாப்பிடுவது திருவனந்தபுரத்தின் தெற்குப் பகுதிக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பொதுவான பழக்கம்.

சாலை நாட்டுமக்களின் சந்தையாக இருந்தபோது, நகரத்தின் வடக்கே பாளையத்தில் பட்டாளத்துக்கும் துரைமாருக்கும் என்று ஒரு சந்தை உருவானது. 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர் அதற்கு. இறைச்சி, மீன், ஆங்கிலக் காய்கறி அங்கே. இரண்டு சந்தைகளுக்கும் இடையே இருந்த அந்தஸ்து வித்தியாசம் மறைந்துவிட்டாலும், மீனுக்குப் பாளையம், பலசரக்குக்குச் சாலை என்ற பிரிவு பல குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்கிறது.

கம்போளத்தின் மனிதர்களை எழுத்தில் கொண்டுவந்தவர் ஒரு கடைக்காரரே. ஆ. மாதவன் (1934–2021) சாலையில் பாத்திரக்கடை நடத்தியபடி தமிழில் எழுதியவர். 1974இல் வந்த 'கடைத்தெருக் கதைகள்', பின்னர் வந்த 'கிருஷ்ணப் பருந்து' நாவல் எல்லாம் இந்தத் தெருவையும் அதன் சுற்றத்தையும் சேர்ந்தவை. சுமையாட்கள், போக்கிரிகள், சிறு திருடர்கள், கடைப் பையன்கள், விபசாரத்தில் சிக்கிய பெண்கள் என்று வியாபாரக் கணக்கில் வராதவர்களே அவர் கதைகளில் வருகிறார்கள். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. கதைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்பதே வாசகர் பலரின் எண்ணம். ஒரு மலையாள நகரத்தின் மையக் கடைத்தெருவைப் பற்றிய மிக நெருக்கமான பதிவு தமிழில் இருக்கிறது என்பது, அந்தத் தெரு யாரால் ஆனது என்பதற்கு நல்ல சான்று.

மாதவன் எழுதிய சுமையாட்களின் நிலை பின்னர் மாறியது. சங்கங்கள் வலுத்தன. 1978இல் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்து கூலியையும் நல நிதியையும் ஒழுங்குபடுத்தியது. அதே வலுவின் மறுபக்கம் நோக்குக்கூலி. தொழிலாளி கை வைக்காமலே சரக்கு இறங்கினாலும், பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் பழக்கம். வியாபாரிகளின் நீண்டகாலப் புகாருக்குப் பிறகு 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. குறுகிய தெருவில் லாரி உள்ளே வர முடியாத காரணத்தால், தலைச்சுமைக்கும் கைவண்டிக்கும் மற்ற சந்தைகளைவிடச் சாலையில் வேலை அதிகம்.

ஆண்டில் இரண்டு பருவங்களில் தெரு நிரம்பி வழியும். ஓணத்துக்கு அத்தப்பூக்களம் போட வேண்டிய செவ்வந்தி, வாடாமல்லி, அரளி எல்லாம் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து இரவோடு இரவாக வந்து இறங்கும். நேந்திரங்காய் வறுவலும் சர்க்கரை வரட்டியும் பொரிக்கும் தேங்காயெண்ணெய் வாசனை அட்டக்குளங்கரை வரை வரும். மற்றொன்று கும்ப மாதத்து ஆற்றுக்கால் பொங்காலை. ஒரே நாளில் இத்தனை பெண்கள் கூடும் விழா வேறில்லை என்று கின்னஸ் புத்தகம் 1997இல் பதிவு செய்தது, 2009இல் 25 லட்சம் என்று அந்தக் கணக்கைத் திருத்தியது. ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், அகப்பை. பானைகள் குமரி மாவட்டத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் லாரி லாரியாக வந்து, கிழக்கே கோட்டை நடைபாதையில் குன்றாகக் குவியும். பானையைத் தட்டி, ஓசை கேட்டு, விரிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகே வாங்குவார்கள்.

1990களில் மார்ஜின் ஃப்ரீ என்ற பெயரில் மலிவு விலைக் கடைகள் இதே நகரத்தில் தோன்றிச் சிறு ஊர்கள்வரை பரவியபோதுதான் சாலையின் பலசரக்குச் சில்லறை வியாபாரத்துக்கு முதல் அடி விழுந்தது. மாதச் சாமானுக்கு வெள்ளறடையிலிருந்து நகரம் வரத் தேவையில்லாமல் போயிற்று. அட்டக்குளங்கரையிலும் எம். ஜி. சாலையிலும் பல மாடித் துணிக்கடைகள் எழுந்தன. அவற்றிலும் பெரிய கடைகள் சில தமிழகத்து நிறுவனங்களே. 2021 டிசம்பரில் ஆக்குளம் பகுதியில் லூலு மால் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லையோர ஊர்களின் இளைஞர்கள் இப்போது போவது அங்கேதான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழகக் குடும்பங்களும் வருகின்றன.

ஆனால் மொத்த வியாபாரம் சாலையை விட்டுப் போகவில்லை. காய்கறியும் பூவும் பின்னிரவில் தெற்கிலிருந்து வருகின்றன. விடிவதற்குள் மற்ற சந்தைகளின் சில்லறை வியாபாரிகள் எடுத்துப் போகிறார்கள். அம்பூரி விவசாயியின் ரப்பர் ஷீட்டும் மிளகும் இன்று வெள்ளறடை, காட்டாக்கடை வியாபாரிகளிடமே விலைபோய்விடுவதால், விற்க அவர் தலைநகரம் வர வேண்டியதில்லை. வாங்கத்தான் வருகிறார்: பித்தளை உருளி, கல்யாணத்துக்கு மொத்தப் பலசரக்கு, தாலிக்குப் பொன், வைத்தியர் எழுதிக் கொடுத்த பச்சிலை மருந்து. மாலில் கிடைக்காதவையும், கிடைத்தாலும் பேரம் பேச முடியாதவையும். தெருவைப் பாரம்பரியச் சந்தையாகப் புதுப்பிக்க அரசின் சுற்றுலாத்துறை சில ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. முகப்பு மாறியிருக்கிறது. வண்டி நிறுத்த இடம், தீயணைப்பு வண்டி நுழைய வழி, மழைநீர் வடிகால் ஆகிய மூன்றும்தான் வியாபாரிகள் முதலில் கேட்பவை. கேசவதாஸ் விட்ட அகலத்துக்குள் அவற்றை எப்படிச் செய்வது என்பதில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.